வைஃபை நின்றால் வியாபாரம் நிற்க வேண்டுமா?

காலையில் கடை திறந்ததும் வாசல் தெளித்து, தராசைத் துடைத்து, கல்லாவில் சில்லறை எண்ணி வைப்பது நமது நெடுநாளைய வழக்கம். இப்போது அந்த வரிசையில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. செல்போனைக் கையில் எடுத்து, அதன் மேல் மூலையில் விசிறி மாதிரி இருக்கும் சின்னம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் அது.

2016 ஏப்ரலில் யு.பி.ஐ. முறை அறிமுகமானபோது நம்மில் பலர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, சில்லறைக்குத் திண்டாடிய நாட்களில், வேறு வழியின்றிக் க்யூ.ஆர். அட்டையைக் கல்லாவுக்கு முன்னால் ஒட்டினோம். இன்று பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்குகிறவரும் போனைத்தான் நீட்டுகிறார். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

மொத்த வியாபாரிகளின் நிலையும் இதுவே. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்ப ஈ-வே பில் அவசியமாகிவிட்டது. சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது, நெட் வரவில்லை, பில் போட முடியவில்லை. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து எட்டி எட்டிப் பார்க்கிறார். இந்த அவஸ்தையை அனுபவிக்காத மண்டி உண்டா?

இத்தனை முக்கியமான கருவி கோளாறு செய்தால் என்ன செய்வது என்று நாம் கற்றுக்கொள்ளவில்லை. தராசு தட்டு சாய்ந்தால் எங்கே பார்ப்பது என்று நமக்குத் தெரியும். வைஃபை நின்றால் போனைத் தட்டிப் பார்க்கிறோம், வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். அப்படித் தெரியாமல் இருந்ததால் நமக்கு ஏற்பட்ட ஒரு நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அது பண நஷ்டம் அல்ல.

ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது

மாதத்தின் முதல் வாரம். சம்பளம் வந்த நேரம். மாலை ஏழரை மணிக்குக் கடையில் நிற்க இடமில்லை. இருபது வருடமாக மாதச் சாமான் நம்மிடமே வாங்கும் ஓர் அம்மா, 2,340 ரூபாய்க்குப் பில் போட்டுக்கொண்டு க்யூ.ஆர். அட்டையில் போனைக் காட்டினார்.

"போயிடுச்சு அண்ணாச்சி, பாருங்க" என்றார்.

நமது போனில் எதுவும் வரவில்லை. விசிறிச் சின்னம் முழுதாக இருந்தது. ஆகவே நெட் இருக்கிறது, பணம்தான் வரவில்லை என்று முடிவு செய்தோம். இரண்டு நாளைக்கு முன்புதான் ஒரு பையன் பொய்யான ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி 480 ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் போயிருந்தான். அந்தச் சூடு ஆறவில்லை. "வரலியேம்மா, கொஞ்சம் நில்லுங்க" என்றோம்.

நின்றார். இருபது நிமிடம் நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ரொக்கம் கொடுத்துச் சாமான் வாங்கிப் போனார்கள். எல்லோரும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கடைசியில், "நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று பையை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எட்டரை மணிக்கு நமது தம்பி மகன் வந்தான். போனை வாங்கி வைஃபையை நிறுத்தினான். மொபைல் டேட்டாவைப் போட்டான். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் நான்கு வரவுகள் வரிசையாக வந்து விழுந்தன. முதலாவது 2,340 ரூபாய். நேரம் 7.32.

அந்த அம்மா கொடுத்த பணம் அந்த நிமிடமே நமக்கு வந்துவிட்டது. வந்த செய்திதான் நமக்கு வந்து சேரவில்லை. இரவோடு இரவாகக் கடைப் பையனிடம் சாமானைக் கொடுத்தனுப்பினோம். வாங்கிக்கொண்டார். ஆனால் மறுமாதம் கடைக்கு வரவில்லை.

பணம் வேறு, பணம் வந்த செய்தி வேறு

இந்த ஒரு விஷயத்தை நம்மவர்கள் மனதில் பதிய வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். வாடிக்கையாளர் நமது க்யூ.ஆர். அட்டையைப் படமெடுத்துப் பணம் அனுப்பும்போது, அது நமது போனுக்கு வருவதில்லை. அவரது வங்கியிலிருந்து நமது வங்கிக்குப் போகிறது. அதற்கு அவர் போனில் நெட் வேண்டும். இரண்டு வங்கிகளின் கம்ப்யூட்டர்களும் வேலை செய்ய வேண்டும். நமது போனில் நெட் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. போன் அணைந்து கிடந்தாலும் பணம் வரும்.

நமது போனும் வைஃபையும் செய்வது தபால்காரர் வேலை மட்டுமே. "இன்னார் இவ்வளவு கொடுத்தார்" என்ற செய்தியைக் கொண்டுவந்து தருகின்றன. தபால்காரர் வரவில்லை என்பதற்காக மணியார்டர் அனுப்பியவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

ஆகவே செய்தி வராதபோது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இவர் பணம் அனுப்பினாரா?" என்பது அல்ல. "நமது போனில் உண்மையாகவே நெட் இருக்கிறதா?" என்பதே. அதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். போனில் ஏதாவது புதிய செய்திப் பக்கத்தையோ, இதுவரை பார்க்காத ஒரு வீடியோவையோ திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் கோளாறு நம்மிடம். திறந்தால் வங்கிக் கணக்கைப் பாருங்கள்.

நான்கு இடங்களில் எது?

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள். நெட் வராததற்கு நான்கே இடங்களில்தான் காரணம் இருக்க முடியும். ஒன்று, நமது போன். இரண்டு, கடையில் இருக்கும் ரவுட்டர் பெட்டி. மூன்று, வெளியிலிருந்து பெட்டிக்கு வரும் லைன். நான்கு, வங்கி அல்லது ஆப் கம்பெனியின் கம்ப்யூட்டர். எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நோண்டுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கடையில் உள்ள இன்னொரு போனை அதே வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். அதில் நெட் வந்தால் ரவுட்டரும் லைனும் சரி. கோளாறு முதல் போனில் இருக்கிறது. இரண்டிலும் வரவில்லையென்றால் போன்களை விட்டுவிடுங்கள். பெட்டியையோ லைனையோ பார்க்க வேண்டும். இரண்டிலும் மற்றவை எல்லாம் திறக்கின்றன, பணம் வாங்கும் ஆப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் கோளாறு அந்தக் கம்பெனியிடமோ வங்கியிடமோ இருக்கிறது. அதை நாம் சரிசெய்ய முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

விசிறிச் சின்னம் சொல்லாத உண்மை

நாம் ஏமாந்தது இந்தச் சின்னத்தைப் பார்த்துத்தான். விசிறி முழுதாக இருந்தால் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே தொடர்பு நன்றாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். ரவுட்டருக்கு வெளியிலிருந்து நெட் வருகிறதா என்பதை அது காட்டாது. தெருவில் மெயின் குழாயே அடைத்துக்கொண்டாலும் வீட்டுக் குழாய் பளபளப்பாகத்தான் இருக்கும். அதுபோலத்தான் இதுவும். பல போன்களில் விசிறியின் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியோ, "இணைப்பு உள்ளது, இன்டர்நெட் இல்லை" என்ற வாசகமோ தோன்றும். அந்தச் சிறு குறியைக் கவனிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

போன் என்ன சொல்கிறது என்பதை வைத்தே காரணத்தை ஊகிக்கலாம்.

கடை வைஃபையின் பெயரே பட்டியலில் தெரியவில்லை என்றால், ரவுட்டருக்கு மின்சாரம் இல்லை, அல்லது நாம் வெகு தூரத்தில் இருக்கிறோம், அல்லது போனில் வைஃபை அணைந்திருக்கிறது.

பெயர் தெரிகிறது, "பாஸ்வேர்டு தவறு" என்று வருகிறது என்றால், யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், அல்லது நாம் தவறாக அடித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் ஒன்றுபோலத் தெரிவது வழக்கமான குழப்பம்.

"ஐ.பி. முகவரி பெறுகிறது" என்று சொல்லிக்கொண்டே நிற்கிறது என்றால், ரவுட்டர் அந்தப் போனுக்கு எண் ஒதுக்கவில்லை. வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்க வேண்டும். ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பது போல. பெட்டி திணறிப் போயிருந்தால் டோக்கன் வராது. பெரும்பாலும் ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டாலே சரியாகிவிடும்.

போனில் செய்ய வேண்டியவை

கோளாறு போனில்தான் என்று தெரிந்தால், கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் செய்யவும். சுலபமானதும் நஷ்டமில்லாததும் முதலில். எதையாவது அழிக்கக்கூடியது கடைசியில். ஒவ்வொன்றையும் செய்த பிறகு நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போகவும்.

1. வைஃபையை அணைத்து, பத்து விநாடி பொறுத்து மறுபடி போடவும். ஏரோபிளேன் மோடு தெரியாமல் அமுங்கியிருக்கிறதா என்று பார்க்கவும். சட்டைப் பையிலேயே அமுங்கிவிடுவது உண்டு.

2. போனை முழுவதுமாக அணைத்து மறுபடி போடவும். மாதக்கணக்கில் அணைக்காமலே ஓடும் போன் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

3. தேதியையும் நேரத்தையும் பார்க்கவும். இதை யாரும் சந்தேகிப்பதில்லை. போனில் தேதி தவறாக இருந்தால், வைஃபை சேர்ந்தாலும் வங்கி ஆப்களும் பாதுகாப்பான பக்கங்களும் திறக்க மறுக்கும். காலாவதியான சரக்கை நாம் ஒதுக்குவது போல, தேதி பொருந்தாத பாதுகாப்புச் சான்றிதழைப் போன் ஒதுக்கிவிடுகிறது. செட்டிங்ஸில் தேதி, நேரம் இரண்டையும் தானியங்கியாக வைத்துவிடுவது நல்லது.

4. வி.பி.என். என்ற ஆப் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்தவும். பிள்ளைகள் கிரிக்கெட் பார்க்கப் போட்டு வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு போன்களில் "பிரைவேட் டி.என்.எஸ்." என்று ஓர் அமைப்பும் உண்டு. அதில் யாராவது பெயர் எழுதி வைத்திருந்தால் அதைத் தானியங்கிக்கு மாற்றவும்.

5. வைஃபை பட்டியலில் கடையின் பெயரை அழுத்தி, "ஃபர்கெட்" என்பதைக் கொடுக்கவும். போன் அந்த வைஃபையை மறந்துவிடும். பிறகு புதிதாகப் பாஸ்வேர்டு அடித்துச் சேரவும். பாஸ்வேர்டு கையில் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

6. இதற்கும் மசியவில்லையென்றால் "நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட்" செய்யலாம். இதனால் சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் அழியும். புளூடூத் பில் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதை மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். போட்டோக்கள், போன் நம்பர்கள், ஆப்கள் அழியாது.

7. "ஃபேக்டரி ரீசெட்" என்பது வேறு. அது போனையே துடைத்து எடுத்துவிடும். போனிலேயே கணக்கு எழுதுபவர்களின் பாக்கி விவரம் உட்பட எல்லாம் போய்விடலாம். வைஃபை வரவில்லை என்பதற்காகக் கடையில் நின்றுகொண்டு இதைச் செய்யவே கூடாது.

ரவுட்டர் பெட்டியில் செய்ய வேண்டியவை

எந்தப் போனிலும் வரவில்லையென்றால் பெட்டியின் முன்னால் போய் நிற்க வேண்டும். முதலில் விளக்குகளைப் பாருங்கள். இன்று பெரும்பாலான கடைகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வழியாகத்தான் நெட் வருகிறது. அந்தப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, அல்லது பெட்டியின் பின்னால் செருகல் நழுவியிருக்கிறது. அந்த மெல்லிய கம்பி கூர்மையாக மடங்கினாலே ஒளி தடைபடும். மூட்டையை நகர்த்தும்போது அதன்மேல் சாய்த்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். நமது கடையில் அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். கடலைப்பருப்பு மூட்டை இறக்கியவர் கம்பிமேல் மூட்டையைச் சாத்திவிட்டார். பெட்டியில் சிவப்பு விளக்கு ஒரு மணி நேரமாக எரிந்துகொண்டிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

சிவப்பு விளக்கு இல்லையென்றால் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து மறுபடி போடவும். முழுதாக உயிர் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் அணைத்து அணைத்துப் போடக் கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பெட்டியின் பின்னால் குண்டூசி நுழையும் அளவில் ரீசெட் என்று ஒரு துளை இருக்கும். அணைத்துப் போடுவதும் அந்தத் துளையை அழுத்துவதும் ஒன்றல்ல. துளையில் குத்தினால் கம்பெனிக்காரர் போட்டு வைத்த விவரங்கள் எல்லாம் அழிந்து, அவர் வரும்வரை நெட்டே இல்லாமல் போகலாம். கடைப் பையன்களிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்று, மாதச் சந்தா கட்டியிருக்கிறதா? சிரிக்க வேண்டாம். சந்தா முடிந்தால் விசிறியும் தெரியும், பெட்டி விளக்கும் எரியும். நெட் மட்டும் வராது.

பெட்டியை எங்கே வைத்திருக்கிறோம்?

வைஃபை என்பது வானொலி அலைதான். அலைக்கு ஆகாத பொருட்கள் மளிகைக் கடையில்தான் அதிகம். இரும்பு ரேக்கும், எண்ணெய் டின்னும், ஷட்டரும், ஃபிரிட்ஜும் அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் கேன்கள் அலையை உறிஞ்சும். நம்மவர்கள் பலர் ரவுட்டரை எங்கே வைக்கிறார்கள்? கல்லாவுக்குக் கீழே, அல்லது ஃபிரிட்ஜுக்குப் பின்னால், அல்லது மூட்டைகளுக்கு நடுவில். அங்கிருந்து அது என்ன செய்யும்?

ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில், கல்லாவைப் பார்க்கிற மாதிரி சுவரில் மாட்டுங்கள். செலவில்லாத வைத்தியம் இது. மிளகாய்த்தூளும் மாவுத் தூசியும் காற்றுத் துளைகளை அடைத்தால் பெட்டி சூடேறும். வாரம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். எலிக்குக் கம்பி என்றால் பிரியம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பியைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுவருவது நல்லது.

பல ரவுட்டர்கள் இரண்டு அலைகளைத் தருகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைவு. ஆனால் சுவர் தாண்டி எட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் அதிகம். எட்டும் தூரம் குறைவு. பட்டியலில் கடையின் பெயர் இரண்டாகத் தெரிந்து, ஒன்றின் பின்னால் 5ஜி என்று இருந்தால் அது இந்த இரண்டாவது அலைதான். செல்போன் கம்பெனிகள் சொல்லும் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிட்டங்கியில் நின்று பேசுகிறவர்கள் 2.4-ஐயும், கல்லாவில் இருப்பவர்கள் 5-ஐயும் உபயோகிக்கலாம். பழைய போன்கள் சிலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது. அவற்றின் பட்டியலில் அந்தப் பெயர் வராததைக் கோளாறு என்று நினைக்கக் கூடாது.

பஜாரில் வரிசையாகக் கடைகள் இருக்கும்போது எல்லா ரவுட்டரும் ஒரே தடத்தில் கத்தினால் ஒருவருக்கும் கேட்காது. 2.4 அலையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகியவை. சாயங்காலம் மட்டும் நெட் இழுத்தால், சர்வீஸ்காரரிடம் சொல்லி நெரிசல் குறைந்த தடத்துக்கு மாற்றச் சொல்லலாம். பக்கத்து பேக்கரியின் மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 அலையையொட்டித்தான் ஓடுகிறது. அது ஓடும்போது மட்டும் நெட் தடுமாறினால் 5 அலைக்கு மாறிக்கொள்ளவும்.

மின்வெட்டு நேரத்தில் விளக்குக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் வைத்தவர்கள், ரவுட்டரையும் அந்த லைனிலேயே சேர்த்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு ரவுட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன.

சரியாகும்வரை வியாபாரம் எப்படி?

கோளாறு பார்க்கும் நேரத்தில் கூட்டம் நிற்காது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, நமது தம்பி மகன் செய்ததுதான். வைஃபையை அணையுங்கள், மொபைல் டேட்டாவைப் போடுங்கள். கடையில் வைஃபை வந்ததும், வீண் செலவு என்று நினைத்து டேட்டாவை நிறுத்தி வைத்திருந்தோம். அந்தச் சிக்கனம்தான் நம்மைக் கவிழ்த்தது. கல்லா போனில் சிறிய டேட்டா பேக் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். பில் போடும் கம்ப்யூட்டருக்கும் அந்தப் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் கொடுக்கலாம். லாரி நிற்கும்போது ஈ-வே பில் போட இது போதும்.

பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டிகள் பலவற்றில் தனி சிம் இருக்கும். கடை வைஃபை நின்றாலும் அவை பேசும். நமது பெட்டியில் சிம் உண்டா, அல்லது வைஃபையை நம்பியிருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட் அடியோடு இல்லாத நேரத்திலும் வழி உண்டு. வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ். செல்போன் டவர் வழியாக வருவது. அதற்கு நெட் தேவையில்லை. ஆனால் சிறு தொகைகளுக்குச் சில வங்கிகள் எஸ்.எம்.எஸ். அனுப்புவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வங்கியில் பதிவு செய்த எண்ணிலிருந்து *99# என்று அடித்தால், நெட் இல்லாமலே கணக்கில் உள்ள தொகையைப் பார்க்கலாம். 2014 ஆகஸ்டில் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட வசதி இது. இதற்கு வெறும் சிக்னல் போதும்.

எதுவும் முடியவில்லை, எதிரில் வாடிக்கையாளர் நிற்கிறார் என்றால்? அவர் போனில் உள்ள பச்சை டிக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது; அதைப் போலியாகக் காட்டும் ஆப்களும் உலவுகின்றன. அதற்காகத் தெரிந்தவரைச் சந்தேகிக்கவும் கூடாது. ஒவ்வொரு யு.பி.ஐ. வரவுக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அவர் ஆப்பில் அந்த எண்ணைத் திறந்து காட்டச் சொல்லி, தொகை, நேரம், எண் மூன்றையும் சிட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவருக்குச் சாமானைக் கொடுத்தனுப்பிவிட்டு, நெட் வந்ததும் சரிபார்க்கலாம். தெரியாதவர் என்றால், "எங்க போன்லதான் நெட் இல்லை, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி ரொக்கம் கேட்கலாம், அல்லது சற்றுப் பொறுக்கச் சொல்லலாம். கோளாறு நம்முடையது என்று நாமே சொல்லிவிட்டால் எதிரில் நிற்பவருக்கு அவமானம் இல்லை.

அவர் கணக்கில் கழிந்து, நமக்கு வந்து சேராத பணமும் உண்டு. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்திருக்கிறது. கடைக்குச் செலுத்திய யு.பி.ஐ. பணம் இப்படி நடுவில் நின்றால், ஐந்து நாட்களுக்குள் வாடிக்கையாளர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் அவருக்கு ஈடு தர வேண்டும். இந்த விவரத்தை நாம் எடுத்துச் சொன்னால் வாக்குவாதம் பாதி குறையும்.

உதவிக்கு வருகிறவரிடம் ஜாக்கிரதை

நெட் வராத கோபத்தில் இணையத்தில் தேடி, கிடைத்த "கஸ்டமர் கேர்" எண்ணுக்குப் போன் செய்து பணத்தை இழந்தவர்கள் உண்டு. எண்ணைப் பில்லிலிருந்தோ பெட்டியிலிருந்தோ எடுக்க வேண்டும். வைஃபை சரிசெய்ய யாருக்கும் நமது யு.பி.ஐ. பின்னோ ஓ.டி.பி.யோ தேவைப்படாது. நமது போன் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஆப்பைப் போடச் சொன்னால் அந்த நிமிடமே போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ஒருபோதும் பின் அடிக்க வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

அதேபோல் கடை வைஃபையின் பாஸ்வேர்டைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பதும் நல்லதல்ல. பல ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனிப் பெயரும் பாஸ்வேர்டும் வைக்கும் வசதி உண்டு. அதைக் கொடுத்தால் கல்லா போனுக்கும் நெரிசல் இல்லை.

கல்லா ஓரத்தில் ஒரு காகிதம்

நமது கடையில் இப்போது கல்லா ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம். அதில் ஐந்தே வரிகள். "முதலில் வைஃபையை நிறுத்து, டேட்டாவைப் போடு. இன்னொரு போனில் பார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா பார். பெட்டியை அணைத்துப் போடு, துளையைத் தொடாதே. வாடிக்கையாளரை நிற்க வைக்காதே." கீழே நெட் கம்பெனியின் எண்ணும் நமது இணைப்பு எண்ணும் இருக்கின்றன. புதிதாகச் சேரும் பையனுக்குப் பொட்டலம் மடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைப் படிக்கச் சொல்கிறோம். வாசக வணிகர்களும் இப்படி ஒரு காகிதத்தை இன்றே எழுதி ஒட்டிவிடலாம்.

அந்த அம்மா இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் நாமே அவர் வீட்டுக்குப் போனோம். "பணம் அப்பவே வந்துடுச்சும்மா. தப்பு எங்க போன்லதான்" என்று சொன்னோம். எதுவும் பேசாமல் காபி கொடுத்தார். அடுத்த முதல் வாரம் பையோடு வந்தார். சீட்டை நீட்டுவதற்கு முன்னால் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னிக்கு நெட் இருக்கா அண்ணாச்சி?"

இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றோம்.